மாறிப்போன பெட்டிகள்

கிள்ளானில் ஒரு சீனர் தன் கடிகாரக் கடையை மூடப்போகிறார் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். நான் அப்போது ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கிள்ளான் பஸ் ஏறிவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பேட்டரி வாட்சுகள் மலிவாக வந்து இறங்கி, சாவி கொடுக்கிற வாட்சுகளை மக்கள் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்ட காலம். எனக்கோ அப்போதுதான் அந்தப் பழைய வாட்சுகள்மேல் பைத்தியம் பிடித்திருந்தது.

கடையில் பாதி அலமாரி காலியாகக் கிடந்தது. மிச்சமிருந்தவற்றில் ஒன்றை எடுத்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. எஃகு உடம்பு, பால்வெள்ளை டயல், ஊசிபோல் மெலிந்த முட்கள். யார் கையிலும் ஏறாமல் கடையிலேயே பழசாகிப்போன புது வாட்ச். கடைக்காரர் தேடிப்பிடித்துக் கேரண்டி அட்டையையும் கொடுத்தார். அட்டையில் எழுதியிருந்த எண்ணும் வாட்சின் முதுகில் பொறித்திருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. பெட்டி எங்கே என்று கேட்டேன். காலிப் பெட்டி அத்தனையையும் முதல் நாள் ஒரு தமிழர் விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய ஆள் அவன்.

அந்த ஆளே சற்று நேரத்தில் கடைக்குள் வந்தார். உயரம், ஒல்லி, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. நான் கையில் வைத்திருந்ததை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அதோட பெட்டி என்கிட்ட இருக்கு," என்றார்.

"அப்ப குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"நீங்க வாட்சை விட்டுடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களை வெளியே போய்ப் பேசிக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில் உட்கார்ந்து பால் தே குடித்தோம். பேச்சு எங்கெங்கோ போனது. அவர் எனக்கு மூத்தவர், ஆனால் அதிகமில்லை. பந்திங், காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு இயந்திரச் சாமான் விற்கிற வேலை. வேன் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். போகிற இடத்திலெல்லாம் பழைய வாட்ச் தேடுகிறவர். கடைசியில் எழுந்து போய் வேனைத் திறந்து, மெரூன் நிறத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பிரிச்சு வைக்க மனசு வரல. நீங்களே ஒண்ணா வச்சுக்குங்க," என்றார். எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்க லா, போதும்."

அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னை ரயில்வே என்றே கூப்பிட்டார். "வாங்க ரயில்வே, பசியாறிட்டீங்களா" என்பதுதான் வாசலில் எப்போதும் கேட்கிற முதல் வார்த்தை.

அவர் வீடு கிள்ளானில், ஒரு வரிசை வீட்டின் கடைசி. முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி. மற்றவர்கள் வீட்டில் சாமி படமும் பீங்கான் பொம்மையும் இருக்கும் இடத்தில் அவர் வீட்டில் பெட்டிகள் இருந்தன. தோல் ஒட்டியவை, அட்டைப் பெட்டிகள், உள்ளே பட்டுத் துணி வைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு வாட்ச். வாட்சுக்குக் கீழே அதன் கேரண்டி அட்டை, சிறு விளக்கப் புத்தகம், கிடைத்தால் அதை முதலில் விற்ற கடையின் ரசீது. எல்லாம் ஒன்றுக்கொன்று சேர்ந்ததாக இருக்க வேண்டும். வேறொரு வாட்சின் பெட்டியை வைத்து ஒப்பேற்றுவதை அவர் ஏமாற்று வேலையாகவே நினைத்தார். நான் அந்த அளவுக்குக் கறார் இல்லை. நல்ல வாட்சாக இருந்தால் பெட்டி இல்லாமலும் வாங்கிவிடுவேன். அதற்காக அவரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

"வெறும் வாட்சு யாரு கையிலயும் இருக்கும் ரயில்வே. இந்தப் பேப்பர் இருந்தாதான் அது எங்க பிறந்துச்சு, எந்தக் கடைக்கு வந்துச்சுன்னு தெரியும். இல்லாட்டி அது அனாத," என்பார்.

அந்தச் சொல்லை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அவர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். குடியுரிமைக்காகப் பல வருடம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, நடுவயதை நெருங்கும்போதுதான் நீல அடையாள அட்டை வாங்கினார். இதை அவர் மனைவிதான் ஒரு நாள் சமையலறையிலிருந்து போகிற போக்கில் சொன்னார். அவராக ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேனில் சேர்ந்து போவோம். பழைய அடகுக் கடை, மூடப்போகும் கடை, தோட்டங்களில் ஓய்வு பெற்றவர்கள் வீடு. பந்திங் போன ஒரு ஞாயிறு எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வீடு. நீண்ட காலச் சேவைக்காகத் துரை கையால் அவருக்கு ஒரு வாட்ச் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பெரியவர் உள்ளே போய் ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்துவந்தார். வாட்சின் பின்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய நீல ஒட்டுத்தாள்கூட உரிக்கப்படவில்லை.

"ஒரு நாளும் கட்டலியா ஐயா?" என்று கேட்டேன்.

"வேலையில இருக்கும்போது தண்டம் அடிச்சா எந்திரிப்போம். வேலைய விட்டப்புறம் மணி பாத்து என்ன செய்ய?" என்றார்.

தோட்டத்து லயங்களில் விடிகாலையில் அடிக்கிற இரும்புத் துண்டைத்தான் தண்டம் என்றார். வாட்சுக்குச் சாவி கொடுக்கத் தெரியாது என்றும் சொன்னார். நண்பர் அதை வாங்கி மெதுவாகத் திருகினார். விநாடி முள் நகர ஆரம்பித்தது. பெரியவர் காதில் வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பெட்டி இருக்கா ஐயா?"

பெட்டி இருந்தது. அதில் செத்துப்போன மனைவியின் மூக்குக்கண்ணாடியையும் ஒரு ஜோடித் தோட்டையும் போட்டு வைத்திருந்தார். அதைத் தர முடியாது, வாட்சை மட்டும் கொண்டுபோங்கள் என்றார். நண்பர் வாட்சை அந்தக் கைக்குட்டையிலேயே சுற்றிப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "அப்படி ஒரு வாட்சு இனிமே கிடைக்குமா அண்ணே? நானாவது வாங்கியிருப்பேன்," என்றேன்.

"வாங்கியிருக்கலாம். பெட்டிய அந்த மனுசன் குடுக்காதது சரி. பெட்டி இல்லாம நான் வாங்காததும் சரி," என்றார். இரண்டு பக்கமும் செம்பனை இருட்டாக ஓடிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரிடம் மாற்றம் தெரிந்தது. முதலில் நான் அதை மாற்றமென்றே நினைக்கவில்லை. காப்பாரில் அருமையான ஒரு செட் கிடைத்திருப்பதாகப் போன் செய்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் அது அவர் பல வருடம் முன்னால் என்னோடு போய் வாங்கியது. மறதிதான் என்று நானும் அவர் மனைவியும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுவாரம் அதே செட்டைப் பற்றி மறுபடி போன் செய்தார். அப்போது நான் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அலுவலகத்துக்கே போன் வந்தது. பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார்.

"ரயில்வே, நான் எங்க இருக்கேன்னு தெரியல."

பின்னால் லோரி சத்தம் கேட்டது. பக்கத்தில் என்ன கடை இருக்கிறது, யாராவது நிற்கிறார்களா என்று கேட்டேன். அவர் யாரிடமோ போனைக் கொடுக்க, அந்த ஆள் சுங்கை வே என்றான். பந்திங் போக வேண்டியவர் எதிர்ப்பக்கமாக வந்து தொழிற்சாலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். விடுப்புச் சொல்லிவிட்டு டாக்சி பிடித்துப் போனேன். ஷிப்டு முடிந்து சீருடைப் பெண்கள் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் வேனை ஒட்டி, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "ரோட்ட மாத்திப் போட்டுட்டானுங்க லா," என்றார். நான் ஆமாம் என்றேன். எனக்கு வேன் ஓட்டி அவ்வளவாகப் பழக்கமில்லை. அன்றைக்குக் கிள்ளான் வரை நான்தான் ஓட்டினேன். அதற்குப் பிறகு அவர் வேன் ஓட்டவில்லை. வேலையும் போயிற்று.

வீட்டிலேயே இருக்க ஆரம்பித்ததும் நாள் முழுக்க அலமாரியோடுதான் பொழுது. பெட்டிகளை எடுப்பார், துடைப்பார், திறப்பார், வைப்பார். ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது ஒரு பச்சைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த வாட்ச் அந்தப் பெட்டிக்குரியது அல்ல. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இது என் வாட்ச் இல்ல," என்றார்.

"உங்க வாட்சுதான் அண்ணே. பெட்டி மாறியிருக்கு. அந்தச் செவப்புப் பெட்டியில இருந்தது இது."

"நான் மாத்த மாட்டேன்."

"தெரியாம மாறியிருக்கும்."

அவர் பெட்டியை மூடினார். என் முகத்தைப் பார்க்காமல், அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த அலமாரிய நம்ம ரெண்டு பேரத் தவிர வேற யாரும் தொட்டதில்ல ரயில்வே. நான் மாத்தல."

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றார். நான் குடித்துக்கொண்டிருந்த காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவர் நோயாளி, அது அவர் பேச்சில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் மனம் ஆறவில்லை. மறுவாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அப்படியே மாதங்கள் ஓடின.

ஒரு நாள் காலை என் வீட்டு வாசலில் அவர் மனைவி வந்து நின்றார். கிள்ளானைவிட்டுத் தனியாக எங்கேயும் போய்ப் பழகாதவர். ரயில் ஏறி, விசாரித்து விசாரித்துக் குவார்ட்டர்ஸைக் கண்டுபிடித்து வந்திருந்தார். என் மனைவி நாற்காலி போட்டும் உட்காரவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"அவரு சொன்னத மனசுல வச்சுக்காதீங்க தம்பி. அன்னிக்கு உங்களச் சொன்னாரு. இப்ப என்னையச் சொல்றாரு. நான் வாட்ச வித்து எங்கம்மாவுக்குப் பணம் அனுப்புறேனாம். எங்கம்மா செத்து எவ்வளவு காலமாச்சு."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களாக்கா?"

"காட்டுனேன். மூள சுருங்குதுன்னாரு. மருந்து இல்லையாம். பாத்துக்கணுமாம்." அப்போதுதான் உட்கார்ந்தார். "எல்லாம் கலந்து கெடக்கு தம்பி. எதுக்கு எதுன்னு எனக்குத் தெரியல. நீங்க வந்து ஒரு தடவ சேத்து வச்சுக் குடுங்க. எல்லாம் சரியா இருந்தா அவரும் சரியாயிடுவாருன்னு தோணுது."

அவர் போன பிறகு என் மனைவி, "இந்த வாரமே போயிட்டு வாங்க," என்றாள். போனேன்.

அலமாரி வெளியிலிருந்து பார்க்க எப்போதும்போல ஒழுங்காகத்தான் இருந்தது. திறக்கத் திறக்கத்தான் தெரிந்தது. கறுப்புத் தோல் பெட்டியில் பெண்கள் கட்டும் சின்ன வாட்ச். நாற்பது வருடப் பழைய வாட்சுக்குக் கீழே நேற்று வந்த பேட்டரி வாட்சின் அட்டை. ஒரு பெட்டியில் வாட்சே இல்லை. மடித்து வைத்த மின்சார பில் இருந்தது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்மேல் சந்தேகப்பட்டதெல்லாம் அவருக்கு நினைவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "ஆ, இது சரி," என்று தலையாட்டினார். அவர் மனைவி சுவரில் சாய்ந்து நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை போனபோது மறுபடி எல்லாம் கலைந்திருந்தன. மறுபடி சேர்த்தேன். இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் சேர்ப்பேன், அவர் வாரம் முழுக்க உட்கார்ந்து கலைப்பார். கலைக்க வேண்டுமென்று கலைக்கவில்லை. சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தார். திறந்ததும் கையிலிருப்பது எங்கிருந்து வந்தது என்பது போய்விடும்.

ஒரு முறை நான் இருக்கும்போதே அவர் தானாகச் சரிபார்க்க முயன்றார். அட்டையைப் பூதக்கண்ணாடியில் பிடித்து எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகு வாட்சைத் திருப்பினார். திருப்புவதற்குள் எண் மறந்துவிட்டது. மறுபடி அட்டையைப் படித்தார். மறுபடி வாட்சைத் திருப்பினார். நான் எண்ணைச் சொல்லிக் கொடுக்கலாமா என்று வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். இன்னும் சில முறை முயன்றார். பிறகு பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு அழுதார். சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வாட்ச் முதுகைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று கிளம்பும்போது அவர் மனைவி கேட் வரை கூடவே வந்தார்.

"இனிமே சரி பண்ணாதீங்க தம்பி."

நான் அவரைப் பார்த்தேன்.

"நீங்க போனப்புறம், 'நான் எங்க தப்புப் பண்ணேன், எங்க தப்புப் பண்ணேன்'னு கேட்டுக்கிட்டே இருக்காரு. சோறு எறங்கல. நீங்க சரி பண்ணி வச்சாத்தான் தப்புன்னு அவருக்குத் தெரியுது. அப்படியே விட்டா ஒண்ணும் தெரியல. அவரு பாட்டுக்கு சந்தோசமா வச்சு வச்சு எடுக்குறாரு."

"சரிக்கா," என்றேன்.

"ஆனா வாங்க. வராம இருந்துடாதீங்க."

போனேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். தப்பான பெட்டியில் தப்பான வாட்சை அவர் பூப்போல வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. கை தானாக நீளும். தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். மழைக் காலமாக இருந்தால் முன்னறையில் விளக்குப் போட வேண்டியிருக்கும். மூடி சாத்துகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். எல்லா வாட்சுக்கும் அவர் சாவி கொடுத்துவிடுவார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும்.

ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க பாஸ், உக்காருங்க," என்றார்.

முன்பின் தெரியாதவர்களை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று. யாருமில்லை. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். நான் உட்கார்ந்தேன்.

"இந்த மாதிரி நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க பாஸ்." ஒரு பெட்டியை என் முன்னால் திறந்தார். "ஃபுல் செட்டு. பெட்டி இருக்கு, பேப்பர் இருக்கு. எல்லாம் அதோடதே."

தோல் பெட்டிக்குள் பட்டை அறுந்த ஒரு மலிவு வாட்ச். கீழே அட்டைக்குப் பதிலாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் பாதி.

"நல்லாருக்கு," என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. நம்பர் பாத்துக்குங்க." பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "பாக்காம வாங்கக் கூடாது."

கண்ணாடியை வாங்கி வாட்சின் முதுகைப் பார்த்தேன். தேய்ந்துபோய் அங்கே எண்ணே தெரியவில்லை. பிறகு பத்திரிகைத் துண்டைப் பார்த்தேன். முகூர்த்த நேரம் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு அண்ணே," என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். விற்கிறதுக்கில்லை என்று சொல்லிக்கொண்டே பெட்டியை மூடி அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னை ரயில்வே என்று கூப்பிடவே இல்லை. போகும்போதெல்லாம் நான் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பாஸ். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அலமாரியை முதலிலிருந்து காட்டினார். நானும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயே நெஞ்சில் சளி கட்டிக் காலமானார். கடைசியாக நான் பார்த்தபோது மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டையை விரலால் திருகிக்கொண்டே இருந்தார். சாவி கொடுப்பதாக நினைத்தாரோ என்னவோ.

அவருக்கு ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. கருமாதி முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நல்ல பையன். தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அங்கிள், அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். வீட்ட வாடகைக்கு விடணும். இந்த வாட்செல்லாம்... கோலாலம்பூர்ல ஒரு டீலர் வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்கார். செட்டு செட்டா இருந்தாதான் எடுப்பாராம். உங்களத் தவிர வேற யாருக்கும் தெரியாது."

அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் பாயில் பரப்பி மறுபடியும் சேர்க்க உட்கார்ந்தேன். இந்த முறை கலைக்க ஆளில்லை. அட்டையை எடுப்பதும், எண்ணைப் படிப்பதும், வாட்சைத் திருப்பிப் பார்ப்பதுமாகப் பகல் முழுக்கப் போனது. எல்லாம் சேரவில்லை. பல வாட்சுகளைக் காணவில்லை. அவர் மனைவியைக் கேட்டேன்.

"குடுத்துட்டாரு தம்பி. வாசல்ல யார் வந்தாலும் கையில குடுத்துடுவாரு. மீன்காரன் நல்லவன், திருப்பிக் கொண்டுவந்து குடுத்தான். மத்தவங்க யாரு எவருன்னே தெரியல. நான் சமையல்ல இருப்பேன்."

பரவாயில்லை என்று சொன்னேன். யாரோ ஒரு காஸ் லோரிக்காரர், யாரோ ஒரு தபால்காரர், எங்கோ ஒரு மேசை டிராயரில் அதைப் போட்டு வைத்திருக்கலாம். பெட்டி இங்கே, வாட்ச் எங்கேயோ.

டீலர் வந்தார். பொருந்தியவற்றை மட்டும் எடுத்து, மூடி திறந்து மூடி, ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கினார். வேலை தெரிந்தவர், முரட்டுத்தனமில்லை. நண்பரின் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தார். கார் கிளம்பிப் போன பிறகு என்னிடம் கேட்டார்.

"எல்லாம் சரியா இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சுக்கா. ஒரு தப்பும் இல்ல."

"அவரு இருந்த வரைக்கும் சரியா இல்ல. போனப்புறம் சரியாயிடுச்சு," என்றார். அழவில்லை. போய் அலமாரிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த பிறகு அது காலியாக இருப்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சேராமல் நின்ற பெட்டிகளையும் வாட்சுகளையும் என்னையே எடுத்துப் போகச் சொன்னார். கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பிறகு நான் ஒரு வாட்சும் வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்று முடிவு எடுத்ததாக நினைவில்லை. தேடிப் போகக் கால் எழவில்லை. நான் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸை இடித்தார்கள். அடுக்குமாடியில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். அவர் மனைவி முதல் இரண்டு தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் கூப்பிட்டபோது நம்பர் மாறியிருந்தது.

நண்பருக்கு மறதி தொடங்கிய வயதை நான் தாண்டிப் பல வருடமாகிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர் சில நாள் சட்டென்று வருவதில்லை. வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் என் பெட்டிகளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்கிறேன். அட்டையை எடுத்து எண்ணைப் படிக்கிறேன். அட்டையைக் கவிழ்த்து வைக்கிறேன். பிறகு வாட்சைத் திருப்புகிறேன். இதை வாட்சுக்காகச் செய்யவில்லை என்பது என் மனைவிக்குத் தெரியும். அவள் கேட்பதில்லை, டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிடுவாள்.

போன வாரம் ஒன்றில் எண் நினைவில் நிற்கவில்லை. அட்டையைக் கவிழ்த்தேன், வாட்சைத் திருப்பினேன், மனதில் ஒன்றுமே இல்லை. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள், அதில் கவனம் சிதறியிருக்கலாம். மறுபடி அட்டையைப் பார்த்துப் படித்தேன். வாட்சைத் திருப்பினேன். சரியாகத்தான் இருந்தது. மூடியைச் சாத்திவிட்டு, அடுத்த பெட்டியை எடுக்கக் கை வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.